மீன்கள் குடிவந்த காலனி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஊசிப்பாறை அணையின் மீன்கள் எல்லாம் தண்ணீரை விட்டு வெளியே வந்தன. முதலில் கெளுத்திகள் வந்தன. மீசை இருக்கிறது என்பதால் மற்ற மீன்கள் மரியாதை கொடுத்து அவற்றை முன்னால் விட்டிருக்கும் என்று பிறகு காலனியில் பேசிக்கொண்டார்கள். கெளுத்திகளுக்குப் பின்னால் விரால்கள், விரால்களுக்குப் பின்னால் கட்லாவும் ரோகும், அவற்றின் பின்னால் ஜிலேபிகள் கும்பல் கும்பலாக, எல்லாவற்றுக்கும் கடைசியில் அயிரைகள், நனைந்த சாக்கை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரே பரப்பாக, கரையின் தொண்ணூற்றாறு படிகளையும் ஏறி, மேலே வந்து, கொஞ்சம் நின்று மூச்சு வாங்கி, தார்ச்சாலையைக் குறுக்காகக் கடந்து காலனிக்குள் இறங்கின. செதில் கருங்கல்லில் உரசும் சத்தம்தான் முதலில் கேட்டது. அரிசி களைகிற சத்தம் மாதிரி இருந்தது என்று டீக்கடைக்காரர் சொன்னார். இவ்வளவு அரிசியை யார் களைகிறார்கள் என்று பார்க்கத்தான் அவர் வெளியே வந்தாராம்.

ஒன்பது மணிப் பேருந்து சாலையில் நின்றுவிட்டது. ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தார், அடிக்கவில்லை. பேருந்துக்குள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரம் மடியில் கருவிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த பௌசியா, தன் வாய் திறந்திருப்பதை நாக்கு உலர்ந்த பிறகுதான் உணர்ந்தாள்.

அந்த அணைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் பௌசியாவின் வேலை. ஒன்பது வருடமாக, மழைக்காலம் முடிந்து ஒருமுறையும் கோடை தொடங்கும் முன் ஒருமுறையும் வருவாள். நீர் எவ்வளவு தெளிவு, எவ்வளவு ஆக்சிஜன், அதில் என்னென்ன பாசி, என்னென்ன பூச்சி, எத்தனை வகை மீன் என்று எல்லாம் பார்த்து, நான்கு பக்கப் படிவத்தை நிரப்பிக் கடைசியில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்தின் பேரில்தான் மூன்று ஊர்களுக்குக் குழாயில் தண்ணீர் போனது. மூன்றில் ஒன்று மேட்டுக்கடவு, அணையிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். அங்கே அவள் கணவன் ஜாபர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகள் அஃப்ரா இரண்டாம் வகுப்பு.

அவள் பேருந்தைவிட்டு இறங்கியபோது கால் வைக்க இடமில்லை. டீக்கடைக்காரர் குனிந்து ஒரு விராலை இரண்டு கையாலும் நகர்த்தி வைத்து, "இப்ப வாங்க மேடம்" என்றார். தினமும் செய்கிற காரியம்போல அதைச் செய்துவிட்டு, பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

காலனியில் முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகள். பாதி அணையில் வேலை பார்த்தவர்களுடையது, பாதி பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர்களுடையது. மீன்கள் எந்த வீட்டையும் விடவில்லை. திறந்திருந்த கதவு வழியாகப் போயின, மூடியிருந்த கதவின் முன்னால் காத்திருந்தன, திறந்ததும் உள்ளே போயின. குடத்தில் ஏறின, அண்டாவில் ஏறின, துணி ஊறிய பக்கெட்டில் ஏறின, பால்வாடியில் கைகழுவ வைத்திருந்த தொட்டியில் ஏறின, குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்திருந்த வெந்நீர் ஆறும்வரை பக்கத்திலேயே கிடந்து, ஆறியதும் அதிலும் ஏறின. அடுப்பில் பால் வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் அன்று பால் பொங்கி வழிந்தது. ஒருத்தரும் கத்தவில்லை. கத்தினால் என்ன கேட்டுக் கத்துவது என்று தெரியவில்லை.

பௌசியாவை ஒவ்வொரு முறையும் பரிசலில் அழைத்துப்போகிற பாவாயி, நாற்பது நாற்பத்திரண்டு வயதுக்காரி, தன் வீட்டு அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அண்டாவுக்குள் பத்துக் கிலோ தேறும் ஒரு கட்லா, வால் மடங்கிக் கிடந்தது.

"வாங்க மேடம்" என்றாள் பாவாயி, திரும்பாமல். "இத்தனை வருசம் நான் தேடிப் போனேன். இன்னைக்கு அது தேடி வந்திருக்குது. வான்னு சொல்றதா, என்ன சொல்றதுன்னு தெரியலீங்க."

முதல் நாள் சிலர் கத்தியை எடுத்தார்கள் என்பது உண்மை. மீனவர் சொசைட்டித் தலைவர் அங்கப்பனின் மருமகள் ஒரு ரோகை வெட்டினாள். அது துள்ளவில்லை, படுத்துக்கொண்டு அவளையே பார்த்தது. வயிற்றைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, ஒரு துணுக்குப் பாசிகூட இல்லை. பல நாளாக எதுவுமே தின்னாத வயிறு. குழம்பு எப்போதும்போல்தான் கொதித்தது, எப்போதும்போல்தான் மணத்தது. ஆனால் அது கொதித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு ரோகுகள் பக்கெட்டிலிருந்து இறங்கி வந்து சமையலறை வாசற்படியில் படுத்துக்கொண்டன. எதுவும் செய்யவில்லை, சும்மா படுத்திருந்தன. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து காலனியில் யாரும் மீனில் கத்தி வைக்கவில்லை.

பௌசியாவும் பாவாயியும் அன்று பகல் முழுக்க அணையில் சுற்றினார்கள். ஐந்து இடத்தில் வலை போட்டார்கள், ஐந்து இடத்திலும் வலை ஈரமாக மட்டும் வந்தது. பிறகு பௌசியா மற்ற சோதனைகளைச் செய்தாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். அது கண்ணுக்கு மறையும் ஆழம்தான் நீரின் தெளிவு. வழக்கமாக ஆறடியில் மறையும். அன்று பத்தடிக்குப் போயும் மறையவில்லை, பதினைந்துக்குப் போயும் மறையவில்லை, கயிறு இருபதடியில் தீர்ந்துபோனது, தட்டு கீழே துலக்கமாகத் தெரிந்தது. ஆக்சிஜன் நிறைய இருந்தது. உப்பு, காரம், உலோகம், சாக்கடைக் கிருமி, எதை எடுத்தாலும் ஒன்பது வருடத்தில் அவள் எழுதியதிலேயே நல்ல எண். நுண்ணோக்கியில் பார்த்தால் பாசிகள் பச்சை மணிகளாக உருண்டுகொண்டிருந்தன. மறுநாள் வேறு கருவியில் பார்த்தாள், அதே எண். அதற்கு மறுநாளும் அதே எண்.

"தண்ணி எப்படிங்க?" என்று பாவாயி துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ரொம்ப நல்லாருக்குக்கா."

பாவாயி அணையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். காற்றில்லை. ஒரு குமிழி இல்லை, ஒரு வளையம் இல்லை. எதிர்க்கரை மலை தலைகீழாக, ஒரு மரத்தின் இலைகூடக் கலையாமல் நீருக்குள் நின்றது.

"எனக்கு ரோமமெல்லாம் நிக்குதுங்க மேடம். கரைக்குப் போயிரலாம்" என்றாள்.

பௌசியா தன் இயக்குநருக்கு ஃபோன் செய்தாள். மீன் வகைகள் என்ற இடத்தில் பூஜ்யம் எழுதட்டுமா என்று கேட்டாள்.

"செத்துப்போச்சா?"

"இல்ல சார். வெளிய வந்துருச்சு. வீடுகள்ல இருக்கு."

அவர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "உயிரோட இருக்கில்ல? அந்த அணையோட மீன்தானே? எங்க இருந்தா என்னம்மா? வீட்ல இருக்கறதையே எண்ணிப் போட்டுரு."

அதனால் பௌசியா நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வருகிறவர்களைப்போல வீடு வீடாகப் போய் மீன்களை எண்ணினாள். இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் காலனி மீன்களுக்குப் பழகிக்கொண்டிருந்தது. எப்படிப் பழகியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஆனால் பழகியது. கதவைத் தட்டினால் "பாத்து வாங்க, நடையில ஆரல் கெடக்குது" என்ற குரல் வந்தது. தெருவில் மண் சூடேறாமலிருக்க நனைந்த சாக்குகளை வரிசையாக விரித்திருந்தார்கள், மீன்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வர. மிச்சச் சோறு போட்டார்கள், தின்றன. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் விடுமுறை விட்டு, மறுநாள் மீனைப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று அறிவித்து, அதற்கடுத்த நாள் அந்த அறிவிப்பைத் தலைமையாசிரியையே அழித்தார், ஏனென்றால் அவருடைய தண்ணீர் பாட்டிலிலேயே இரண்டு அயிரை இருந்தது. குடித்துவிட்டு வந்து சண்டை போடுகிறவர்கள் வீட்டில் சண்டை நின்றது; இருபது கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சண்டை போடுவது? ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, நடுவில் கிடந்த பெரிய பேசினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், பலகாரம் தின்று, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் எல்லோருடைய குரலும் தாழ்ந்திருந்தது. வீட்டில் யாருக்கோ பெரிய ஆபரேஷன் நடந்து, பிழைத்தாரா இல்லையா என்று தெரியாமல் காத்திருக்கும்போது பேசுவார்களே, அப்படிப் பேசினார்கள்.

அயிரையைத் தவிர்த்து ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு மீன்கள் என்று பௌசியா எழுதினாள்.

அங்கப்பன் மட்டும் பழகவில்லை. அது சொசைட்டி மீன், வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்றார். வியாழக்கிழமை இரண்டு டிராக்டர் கொண்டுவந்து, வீடு வீடாக மீன்களை வாங்கி, தார்ப்பாயில் தண்ணீர் கட்டி, கொண்டுபோய் அணையில் கொட்டினார். மீன்கள் கொட்டிய இடத்திலேயே ஒரு கணம்போல நின்றன. பிறகு திரும்பின. மறுபடியும் படியேறத் தொடங்கின. இந்த முறை செதில் உதிர்ந்து, செவுள் கிழிந்து, படிகளில் ரத்தக்கோடு விழ விழ ஏறின. மதியத்துக்குள் எல்லாம் அவரவர் வீட்டுக்கு, எந்தப் பாத்திரத்திலிருந்து எடுத்தார்களோ அதே பாத்திரத்துக்கு, வந்து சேர்ந்துவிட்டன. நாற்பத்தொரு மீன்கள் மட்டும் படியிலேயே செத்துக் கிடந்தன. எல்லாவற்றின் தலையும் காலனியைப் பார்த்து இருந்தது.

அங்கப்பன் நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். பௌசியா போய்த் தண்ணீர் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"முப்பது வருசமா இதுகளப் புடிச்சிருக்கறேனுங்க. ஒண்ணுகூட என்னைப் பாத்ததில்ல. இன்னைக்குப் பாத்துச்சுங்க. கொண்டுபோய் கொட்டும்போது, அத்தனையும் பாத்துச்சு."

வெள்ளிக்கிழமை பிற்பகல்தான் பௌசியாவுக்கு அந்த விஷயம் தெரிந்தது, அதுவும் தற்செயலாக. அவள் பாவாயி வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து கடைசிச் சோதனையை முடித்துவிட்டு, பாட்டிலில் மிஞ்சியிருந்த அணைத்தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று பக்கத்திலிருந்த பக்கெட்டில் ஊற்றினாள். அதில் ஒரு விரால் இருந்தது. விரால் ஒரே துள்ளலில் வெளியே விழுந்து, தரையில் ஊர்ந்து, எதிர்ச்சுவர் வரை போய், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. அதன் உடம்பு நடுங்கியது.

பாவாயியும் பௌசியாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அணையிலிருந்து காலனிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமாக எல்லார் வீட்டிலும் அடிபம்புத் தண்ணீர்தான். மீன்கள் ஏறியிருந்த குடம், அண்டா, பக்கெட், தொட்டி எல்லாவற்றிலும் அடிபம்புத் தண்ணீர்தான். இருவரும் இரண்டு பேசின் எடுத்தார்கள், ஒன்றில் அந்தத் தண்ணீர், ஒன்றில் இந்தத் தண்ணீர். ஏழு மீன்களை விட்டுப் பார்த்தார்கள். ஏழும் அணைத்தண்ணீரில் ஒரு மூச்சுகூட இருக்கவில்லை. கட்லாவை இருவரும் சேர்ந்து தூக்கி விட்டபோது அது பேசினையே கவிழ்த்துவிட்டது.

பௌசியா அடிபம்புத் தண்ணீரைச் சோதித்தாள். உப்பு கூட, சுண்ணாம்பு கூட, உரம் கலந்திருந்தது. அவள் கையில் வந்திருந்தால் குடிக்க வேண்டாம் என்று எழுதியிருப்பாள். சோதனைத் தாள்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது தாளில் எல்லாம் சரி. வலது தாளில் எல்லாம் கோளாறு. தரையில் ஏழு மீன்கள் வலதுபக்கப் பேசினுக்கு வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

ஜாபருக்கு ஃபோன் செய்தாள்.

"என்னங்க, குழாய்த் தண்ணி குடிக்காதீங்க. பாப்பாவுக்கும் குடுக்காதீங்க."

"ஏன், அணையில என்ன?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லாருக்கு."

"நல்லாருந்தா ஏன் குடிக்கக் கூடாது?"

"தெரியலங்க."

"பௌசி, நீதான் அதைப் பாக்கற ஆளு. உனக்கே தெரியலன்னா எப்படி?"

"அதாங்க பயமா இருக்கு" என்றாள்.

பாவாயி மூலமாகச் செய்தி காலனி முழுக்கப் போனது. மோட்டார் சரியாகி சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தபோது ஒரு குடம்கூட வைக்கவில்லை. தண்ணீர் தெருவில் ஓடியது, மீன்கள் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின. ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்கடவிலும் பேச்சு வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அணையின் ஆய்வு மாளிகையில் கூட்டம் போட்டார்கள். இயக்குநர் காரில் வந்தார். அதிகாரிகள் வந்தார்கள், கேமராக்காரர்கள் வந்தார்கள், காலனிக்காரர்கள் இடுப்பில் குடத்தோடு வந்தார்கள். குடத்தைக் கீழே வைக்கச் சொன்னதற்கு, உள்ளே ஆள் இருக்கிறது என்றார்கள்.

அணையின் உதவிப் பொறியாளர் தேவசகாயம் ஒரு கண்ணாடி டம்ளரில் அணைத்தண்ணீரை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். அவர் நல்ல மனிதர், ஐம்பது வயது, காலனிக்கு வெளியே குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவர். அவர் வீட்டுத் தொட்டியில் எப்போதும், மோட்டார் நின்ற வாரத்திலும், அணைத்தண்ணீர்தான். அதனால் முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போன மீன்களில் ஒன்றுகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அவருக்கு அது உள்ளே தைத்திருந்தது.

பௌசியா படிவத்தைப் படித்தாள். ஒவ்வொரு எண்ணையும் படித்தாள், எல்லாம் நல்ல எண்கள். கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. இயக்குநர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி, மெதுவாகச் சொன்னார்: "ஒரு வாய் குடிச்சிட்டு கையெழுத்துப் போட்டுரும்மா. ஜனங்களுக்கு ஒரு தைரியம் வரும்."

அவள் டம்ளரைக் கையில் எடுத்தாள். அந்த அறையில் அவ்வளவு சுத்தமான பொருள் வேறு எதுவும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் உடையாமல் நின்றது. ஒன்பது வருடமாக அவள் குடித்த தண்ணீர்தான், அஃப்ராவைச் சுமந்தபோது குடித்த தண்ணீர்தான். அவள் உதடு வரை கொண்டுபோனாள். இடுப்புக் குடங்களில் மீன்கள் அடிக்குத் தாழ்ந்துபோகும் சத்தம் கேட்டது, எல்லாக் குடத்திலும் ஒரே நேரத்தில்.

டம்ளரை மேஜையில் வைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியல" என்றாள். "என் கருவி எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுது. மீன் நல்லால்லங்குது. எது சரின்னு எனக்குத் தெரியல. தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். எனக்கு இதைக் குடிக்கப் பயமா இருக்கு."

அப்போது தேவசகாயம் எழுந்துவந்து, டம்ளரை எடுத்து, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார். "நல்லாத்தான் இருக்குது. இனிக்குது."

கேமராக்காரர்களுக்கு அது போதும். இயக்குநர் பௌசியாவின் கருவிப்பெட்டியை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் விடுப்பில் இருக்கும்படி சொன்னார். கையெழுத்தை வேறு ஒருவர் போட்டார். மூன்று ஊருக்கும் தண்ணீர் போனது.

பௌசியா மேட்டுக்கடவுக்குத் திரும்பினாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளிவாசல் கிணற்றில் தண்ணீர் இறைத்து வந்து அதை மட்டும் சமையலுக்கு வைத்தாள். ஜாபர் தடுக்கவில்லை, ஆனால் தினமும் சாப்பாட்டில் உட்காரும்போது ஒரு கேள்வி கேட்டார். பொறியாளர் குடித்தாரே, அவருக்கு என்ன ஆனது? பக்கத்து வீட்டில் குடிக்கிறார்களே, அவர்களுக்கு என்ன ஆனது? கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். அவளிடம் அந்த வரி இல்லை. வாசலில் போகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே குழாயடியில் நின்று கையால் ஏந்திக் குடித்துவிட்டுப் போனார்கள்.

காலனியிலும் பாதிப்பேர் குழாய்த் தண்ணீருக்குத் திரும்பிவிட்டார்கள். தேவசகாயம் காலையில் ஒவ்வொரு தெருவாக நடந்து, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, பாருங்க" என்று சொல்லிக்கொண்டு போவார். முதல் இரண்டு நாள் அதைப் பெருமையாகச் சொன்னார். பிறகு, கேட்கிறவர்கள் ஆமாம் என்று சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொல்வதுபோல இருந்தது.

பதினேழாம் நாள் வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்குப் பாவாயி ஃபோன் செய்தாள்.

"மேடம், ரெண்டு நாளா சோறு திங்கலீங்க. எல்லாம் கெழக்கயே பாத்துட்டு நின்னுச்சு. பாத்திரத்தத் திருப்பி வெச்சாலும் கெழக்கதான் பாக்குது. இப்ப எறங்கிருச்சுங்க. அண்டாவ விட்டு எறங்கிருச்சு. எல்லா வீட்லயும் எறங்குதுங்க."

"அணைக்கா போகுது?"

"இல்லீங்க. ரோட்டுக்கு."

பௌசியா ஏழரை மணிக்கு ஊசிப்பாறையில் இறங்கியபோது தார்ச்சாலை வெள்ளியாக இருந்தது. மீன்கள் கிழக்கே பார்த்து நகர்ந்துகொண்டிருந்தன, கெளுத்திகள் முன்னால், அயிரைகள் கடைசியில். அடிபம்புகளைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள், ஆனால் யாரும் அடிக்கவில்லை. அங்கப்பன் தன் வீட்டு வாசலில் நின்று, ஊரே கேட்கும் குரலில், ஆனால் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"தண்ணிய விட்டு வந்தப்ப அதுக நம்மூட்டுக்கு வந்துச்சுங்க. இப்ப நம்மூட்டையும் விட்டுப் போகுதுன்னா..."

உள்ளே போனார். மனைவியையும் மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு, ஒரு மூட்டையோடு வெளியே வந்து, கதவைப் பூட்டினார். அந்தப் பூட்டின் சத்தம்தான் காலனிக்குக் கிடைத்த ஒரே அறிவிப்பு. அதற்குப் பிறகு பூட்டுச் சத்தம் தெரு தெருவாகக் கேட்டது. யாரும் அழவில்லை. வெயில் ஏறினால் மீன்கள் தாங்காது என்று, ஈரச் சாக்கிலும் நனைத்த சேலையிலும் சுற்றி, கூடையிலும் தொட்டிலிலும் சைக்கிள் கேரியரிலும் டிராக்டரிலும் ஏற்றிக்கொண்டார்கள். கட்லாவைப் பாவாயி பரிசலிலேயே போட்டாள். பரிசலை நாலு பேர் தலையில் தூக்கினார்கள்.

பௌசியா கரைமேல் ஏறி ஒருமுறை அணையைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அது அவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை. அடிவரை தெரிந்தது. எண்பதடிக்குக் கீழே கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம்போல இருந்தது. ஒரு கொக்கு இல்லை, ஒரு தட்டான் இல்லை. காற்று வந்து கரைப்புல்லை அசைத்தது, நீரை அசைக்கவில்லை.

தேவசகாயம் மதகுப் பக்கம் நின்றிருந்தார்.

"மேடம், எனக்கு ஒண்ணும் ஆகலீல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை. "தெரியல சார்" என்றாள்.

அவர் தலையாட்டினார். மதகை மூடுகிற சக்கரத்தைப் பிடித்து, மேலிடத்தில் யாரிடமும் கேட்காமல், தனியாளாக, முழங்கை நரம்பு புடைக்கச் சுற்றி மூடினார். பிறகு இறங்கிவந்து பாவாயியிடம், ஒரு கல்யாண வீட்டில் தெரியாதவர் பந்தியில் இடம் கேட்பதுபோலக் கேட்டார்: "எனக்கும் ஒண்ணு குடுப்பீங்களா? தூக்கிட்டு வர?"

பாவாயி தன் கூடையிலிருந்து ஒரு குறவை மீனை எடுத்து ஈரத்துணியில் வைத்துக் கொடுத்தாள். அவர் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. அது திருப்பவில்லை. ஈரத்துணியின் ஓரத்தை இழுத்து அதன் முதுகில் மூடினார். அப்படியே நடந்தார்.

பதினான்கு கிலோமீட்டர் நடந்தார்கள். வழியில் இருந்த ஊர்களில் ஜனங்கள் கடைகளிலிருந்து வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் என்னவென்று கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவர்களில் சிலர் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள், சிலர் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் கிணறு வந்தது, ஓரிடத்தில் வாய்க்கால் வந்தது. அந்த இடங்களில் எல்லாம் கூடைகளை இறக்கிவைத்துக் காத்திருந்தார்கள். மீன்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. தாகம் எடுத்தவர்கள் அந்தக் கிணற்றைப் பார்த்தார்கள், மீனைப் பார்த்தார்கள், எச்சில் விழுங்கிக்கொண்டு நடந்தார்கள்.

பிற்பகல் நாலரை மணிக்கு மேட்டுக்கடவு வந்தது. வெயில் தாழ்ந்திருந்ததால் கெளுத்திகளும் இன்னும் பலவும் கூடைகளைவிட்டு இறங்கி மறுபடியும் முன்னால் நகர்ந்தன. கடைவீதியில் போக்குவரத்து நின்றது. குழாயடியில் கை ஏந்தியிருந்த ஒருவர் விரல்களை விரித்துவிட்டார், தண்ணீர் கீழே போனது. பௌசியா கூட்டத்திலிருந்து விலகித் தன் தெருவுக்குள் திரும்பினாள். அவள் திரும்பியதும் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் பேர் தயங்கி நின்றார்கள், மீன்கள் நிற்கவில்லை. அவள் பள்ளிவாசல் கிணற்றைப் பார்த்தாள். கெளுத்திகள் அந்தப் பக்கம் வந்தன. அவள் ஒதுங்கி வழி விட்டாள். கெளுத்திகள் கிணற்றடியைக் கடந்து போய்விட்டன.

வீட்டு வாசலில் ஜாபர் நின்றிருந்தார், பள்ளிக்கூடச் சட்டையோடு, விரலில் சாக்பீஸ் தூளோடு. அஃப்ரா அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் தெருமுனையைப் பார்த்தார். கிழக்கே பார்த்துப் போகும் மீன்களை, பரிசலைத் தலையில் சுமந்தவர்களை, நெஞ்சில் ஈரத்துணி அணைத்த பொறியாளரை, அவர்களுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வந்துகொண்டே இருந்த ஜனங்களைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. ஏதோ கேட்கப் போகிறார் என்று பௌசியா நினைத்தாள்.

ஜாபர் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போனார். கேஸ் சிலிண்டரை மூடும் சத்தம் கேட்டது, ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவர் தோளில் ஒரு பை இருந்தது. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, அஃப்ராவைத் தூக்கிக்கொண்டார்.

"பாப்பாவுக்குச் செருப்பு போட்டாச்சு" என்றார். "வா, போலாம்."